உன் பொண்ணு இன்னா வேல பாக்குது?

விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியல் படித்தவர்களுக்கு உலகம் முழுக்க வேலை இருக்கிறதாம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அது என்ன வேலை என்று முதலில் விளக்கிவிட்டு அப்புறம்தான் பார்க்க வேண்டும். பெயரைச் சொன்னதும் எதிராளி "ஓகோ" என்று தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "அப்படின்னா?" என்று கேட்கும் படிப்பைப் படித்த என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

எனக்காவது பழகிவிட்டது. அம்மா பாடுதான் திண்டாட்டம். களை எடுக்கப் போகிற இடத்தில், சோற்றுக்கு வரப்பேறியதும் கூட வேலை செய்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "உன் பொண்ணு இன்னா வேல பாக்குது?" நர்ஸ், டீச்சர் என்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். கூலிக்குக் குனிந்து குனிந்து என்னைப் படிக்க வைத்தவளுக்கு, நிமிர்ந்து சொல்லிக்கொள்ள அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஆடி முடிவதற்குள் அவள் வாயால் சொல்லும்படி ஒரு வேலை எனக்கு அமைய வேண்டும். இல்லாவிட்டால் சென்னையில் மாமா பார்த்து வைத்திருக்கும் துணிக்கடையில் பில் போடப் போய்விட வேண்டும்.

இன்டர்வியூ

முதலில் போனது உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு. தாளாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பிள்ளைகளின் ஓட்டம், தாவல், கைப்பிடி வலு எல்லாவற்றையும் அளந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு பொருந்தும் என்று சொல்வேன் என்றேன். அளவுக்கருவிகளைக்கூடப் பையில் கொண்டு போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் புதுக் கட்டடத்துக்கான ஜல்லி மலைபோலக் கொட்டிக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

டீயைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் மனம் நோகக்கூடாது என்ற குரலில் சொன்னார்: "அதெல்லாம் எதுக்கும்மா அளந்துகினு? எங்க புள்ளைங்க அத்தினி பேருக்கும் நீட்டு பரிச்சதான் பொருந்தும்."

லாரிக்குப் பக்கத்தில்

அதே உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலை ஓரம் லாரி டிரைவர்களுக்கு இலவச முகாம் ஒன்று நடத்தினார்கள். முதுகுவலிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவே, லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு எப்படி முதுகை நீட்டுவது என்று கத்திக் கத்திக் காட்டினேன். முக்கால்வாசிப் பேர் வெட்கப்பட்டு நழுவிவிட்டார்கள்.

வயதான டிரைவர் ஒருவர் மட்டும் நின்றார். சொன்னதை எல்லாம் செய்தார். முடிந்த பிறகும் பலகையைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தார். வலி அதிகமாகிவிட்டதோ என்று பயந்து, "என்ன ஆச்சுங்க?" என்று பக்கத்தில் ஓடினேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒண்ணும் இல்ல கண்ணு. சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னுதான் எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க, சித்த நேரம் நில்லுன்னு நீதான் சொன்ன."

வேண்டுதல்

கள்ளக்குறிச்சியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் சாயங்காலம் மட்டும் பயிற்சி சொல்லிக்கொடுக்க இடம் கிடைத்தது. மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், முழங்கால் ஆபரேஷன் ஆனவர், மனைவியோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியைக் காட்டி, காலையும் மாலையும் தவறவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தடவை வந்தபோது முழங்கால் அப்படியேதான் இருந்தது. "செஞ்சீங்களா?" என்று கேட்டால் அவர் மனைவியைப் பார்க்கிறார். அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "ஒரு வேள கூட வுடலம்மா" என்றார். எங்கே, செய்து காட்டச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மாவே கட்டிலில் ஏறி உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்ததை அச்சு அசலாகச் செய்து காட்டினார். கரும்பு வெட்டு நேரம், வீட்டுக்காரருக்கு ஓய்வில்லை, அதனால் அவருக்காக இவர் செய்திருக்கிறார்.

சிரிப்பை அடக்கத்தான் பார்த்தேன். அதற்குள் சிரிப்பே போய்விட்டது. இப்படி ஒருத்தர் கூட இருந்தால் முழங்கால் என்ன, எல்லாமே குணமாகிவிடும் என்று தோன்றியது. இருந்தாலும் படித்த படிப்புக்காக, "அவரே செஞ்சாத்தாம்மா அவருக்குச் சரியாவும்" என்று மெல்ல இழுத்தேன். அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது: "இன்னாம்மா சொல்ற நீ? இவருக்கு மஞ்சகாமால வந்தப்ப நான்தான் வேண்டிக்கினு கோயில சுத்தனேன், இவருதான எழுந்து உக்காந்தாரு!"

மலை பஸ்

காலை வேளையில், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பெண்களுக்கு மைதானத்தில் பயிற்சி கொடுத்தேன். அவர்களில் செல்வி வெள்ளிமலைக்காரி. வீட்டில் சாமையும் தினையும் போடுகிறார்கள். மேடு பள்ளத்தில் வளர்ந்த பெண், இவள்தான் முதலில் வருவாள் என்று நம்பினேன். தினமும் கடைசியாக வந்தாள். சாப்பாட்டை மாற்றினேன், பயிற்சியை மாற்றினேன், இருந்த பாடப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மலை பஸ் வந்து நின்றது. செல்வி இறங்கினாள். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, முகத்தில் ரத்தமே இல்லை. மலைப்பாதை வளைவு முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, நேரே மைதானத்துக்கு ஓட வந்திருக்கிறாள், தினமும். என் புத்தகங்களில் மலைவாழ் மக்களின் நுரையீரல் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, மலை பஸ் பற்றி ஒரு வரி கிடையாது. ஏன் சொல்லவில்லை என்று திட்டினேன். திட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்விதான் என்னைச் சமாதானப்படுத்தினாள்: "ஓடறது ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா, வந்து சேர்றதுதான்."

கேட்டுக்கு வெளியே

தேர்வு ஓட்டம் ஆடிக் கடைசியில் வந்தது. எனக்கும் அதுதான் கெடு. முதல் நாளே செல்வியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அம்மா மீன் குழம்பு வைக்க ஆயத்தமாக இருந்தாள். லேசாக ரசம் சாதம் போதும் என்றதற்கு, "ஓடப் போற புள்ளைக்கு ரசத்த ஊத்தி அனுப்பவா உன்ன படிக்க வெச்சேன்?" என்று சண்டைக்கு வந்தாள். ஆனாலும் ரசம்தான் வைத்தாள்.

மறுநாள் அம்மா களைக்குப் போகாமல் எங்களோடு கிளம்பினாள். மைதானத்துக்குள் ஓடுகிறவர்களைத் தவிர யாரையும் விடவில்லை. செல்வி ஷூவை மாட்டிக்கொண்டு, செருப்பை எங்களிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். மதில் உயரம், ஒன்றும் தெரியவில்லை, விசில் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அந்தச் செருப்பைக் கீழே வைக்கவே இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறிய பிறகு செல்வி வெளியே வந்தாள். "ஓட்டத்துல பாஸ் பண்ணிட்டேன்க்கா, வாந்தியே வரல" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளைத் தரையில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, கெண்டைக்காலை நீவிவிட்டேன். பக்கத்தில் மகளுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார்: உன் பொண்ணு இன்னா வேல பாக்குது?

நான் தலையைத் தூக்கவில்லை. அம்மா குனிந்து செருப்பைச் செல்வியின் காலடியில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, மாமாவுக்கும் துணிக்கடைக்கும் சேர்த்தே பதில் சொன்னாள்: "ஓடறவங்க கூட நிக்கிற வேலம்மா. அதுக்குன்னே படிச்சிருக்குது. எங்கயும் போவல, இங்கதான் இருக்கப் போவுது."

ஆக, என் படிப்புக்குக் காத்திருக்கும் பதவிகளுக்கு வெளியூரில் எத்தனை நீளமான இங்கிலீஷ் பெயர்கள் இருந்தாலும், இன்டர்வியூ இல்லாமல் எனக்கு நிரந்தரமாகக் கிடைத்திருப்பது, களத்துமேடு முழுக்க அம்மா இப்போது அறிவித்துக்கொண்டு வரும் இந்தக் 'கூட நிக்கிற வேல' ஒன்றுதான்.