ரேணுகாவுக்குக் கொரிய மொழி வந்த கதை

அரவேணு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அஞ்சலையம்மாளின் பேக்கரி இருக்கிறது. வர்க்கியும் பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் மணக்கிற அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்தவள் அவருடைய மகள் ரேணுகா. அவளுக்குப் பேச்சு இல்லாமல் சோறு இறங்காது. படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் படகா பேசுவாள். மைசூர் லாரிக்காரர்களிடம் கன்னடம், கூடலூர் வியாபாரிகளிடம் பாதி மலையாளம். எதையும் அவள் உட்கார்ந்து படித்ததில்லை. டீ ஆற்றுகிற நேரத்தில் காதில் விழுந்து நாக்கில் ஒட்டிக்கொண்டவைதான்.

அருவங்காட்டு விஜயபாஸ்கருக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆன கையோடு, அவனுக்குக் கொரியாவில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. கோஜே என்ற தீவில் கப்பல் கட்டும் தளம்.

"அங்கெல்லாம் என்ன பாசைங்க?" என்று கேட்டாள்.

"கொரியன்தான். கஷ்டம்னு சொல்றாங்க."

"யாரு சொன்னது? ரெண்டு மாசத்துல புடிச்சிருவேன், பாருங்க."

இறங்கிய முதல் வாரத்திலேயே அந்தத் தெம்பு ஆட்டம் கண்டது. தீவு என்னவோ பழகிய ஊர் மாதிரிதான் இருந்தது. அதே மலை, அதே வளைவு ரோடு, அதே பனிமூட்டம். தேயிலை இருக்க வேண்டிய பள்ளத்தில் கடல் கிடந்தது. ஆனால் வாயைத் திறக்க வழியில்லை. காலையில் கணவன் கிளம்பிப் போனால் சாயங்காலம் அவன் திரும்புகிறவரை ஒரு வார்த்தை கிடையாது. அரவேணுவில் பஸ் தவறியவர்களைக்கூட நிறுத்திவைத்துப் பேசியவள், மாடி ஜன்னலில் வந்து உட்காரும் புறாவிடம், "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் தெருமுனையில் வெண்ணெய் வாசம் அவளை இழுத்தது. மிசுன் என்ற நடுவயதுப் பெண்மணி நடத்தும் பேக்கரி அது. உள்ளே ஒருவர் ரொட்டியைக் காட்டி "இகோ ஜுசேயோ" என்று சொல்லி வாங்கிப் போனார். 'இதைக் கொடுங்க' என்று ரேணுகாவுக்கு விளங்கிவிட்டது. அவளும் ஒன்றைக் காட்டி "இகோ ஜுசேயோ" என்றாள். கிடைத்தது! அன்றிலிருந்து அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் அவள் குடித்தனம் ஓடியது. காய்கறியா, ஜுசேயோ. பஸ் அட்டையா, ஜுசேயோ. மருந்துக்கடைக்குப் போனால் வயிற்றைத் தொட்டுக் காட்டி, ஜுசேயோ.

மிசுனின் கடைக்கு மட்டும் தினமும் போனாள். மாவு பிசைய நேரம் போதாமல் மிசுன் திண்டாடிய ஒரு காலையில், கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டு வந்து பிசைந்து கொடுத்தாள். பேக்கரிக்காரி மகளின் கைப்பக்குவத்தைப் பார்த்த மிசுன், தன் நெஞ்சைத் தொட்டு, "ஒன்னி" என்றார். அக்கா என்று அர்த்தம். அதற்குள் ரேணுகாவுக்கு வயிறும் தெரிய ஆரம்பித்திருந்தது. கொரியர்களின் அறுவடைத் திருநாள் மாலையில் மிசுன் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், கடலுக்கு மேலே எழுந்த முழு நிலாவைக் காட்டி, "தால்" என்று சொல்லிக்கொடுத்தார். ரேணுகா அதையும் மனசில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வலி வந்தது ஒரு காலை நேரத்தில். விஜயபாஸ்கர் ஏதோ ஒரு கப்பலின் அடிவயிற்றுக்குள் இருந்தான், போன் எடுக்கவில்லை. மிசுன் கடையைச் சாத்திவிட்டு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிரசவ அறைக்குள் நர்ஸ் அவள் முகத்தருகே குனிந்து, "ஹிம் ஜுசேயோ!" என்றாள்.

ஜுசேயோ என்றால் கொடுங்க. ஹிம் என்றால் என்ன? ரேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் இருந்த பையைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் கார்டு அதில்தான் இருந்தது.

"ஹிம் ஜுசேயோ!"

வளையலைக் கழற்றச் சொல்கிறார்களோ? கழற்றி நீட்டினாள். நர்ஸ் அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, முன்னைவிடச் சத்தமாக, "ஹிம்! ஹிம் ஜுசேயோ!" என்றாள்.

"இன்னும் என்னத்தங்க குடுக்கறது? எங்கிட்ட வேற ஒண்ணுமில்லீங்களே!" என்று ரேணுகா தமிழில் கத்தினாள்.

கடைசியில் அந்த நர்ஸ் முஷ்டியை இறுக்கி, மூச்சை அடக்கி, முகம் சிவக்கத் தானே முக்கிக் காட்டினாள். ஹிம் என்றால் பலம்! 'பலத்தைக் கொடு, முக்கு' என்கிறாள். அந்த வேதனையிலும் ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முக்கினாள்.

குழந்தை வீறிட்டது. நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டி, "தால்! தால்!" என்றாள்.

நிலாவா? ரேணுகா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே பளீரென்று வெயில்.

கப்பல்தளத்து உடுப்போடு மூச்சிரைக்க ஓடிவந்த விஜயபாஸ்கர்தான் விளக்கினான். "நிலா இல்ல ரேணு. அந்தத் 'தா'வை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னா மகள்னு அர்த்தம். நமக்குப் பொண்ணு பொறந்திருக்கா."

ரேணுகா சிரித்தாள். பிறகு கண் கலங்கிவிட்டது. "எம்புள்ள பொறந்ததை எங்கிட்டயே வந்து சொல்றாங்க, எனக்கு வெளங்கலீங்களே. இனி இந்தப் பாசைய விடமாட்டேனுங்க."

விடவில்லை. மிசுன் கொண்டுவந்த கடல்பாசி சூப்பைக் குடித்து உடம்பு தேறியதும், கைக்குழந்தை ஜீவாவைத் தூக்கிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு நகராட்சி நடத்திய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். எழுத்து சீக்கிரமே பிடிபட்டது. மெய்யும் உயிரும் கூடி ஒரே எழுத்தாக நிற்பது தமிழச்சிக்குப் புதுசா என்ன? பாடாய்ப் படுத்தியது உச்சரிப்புதான். தமிழில் ஒரே 'த' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு மூன்று. ஒன்றில் நிலா, ஒன்றில் மகள், ஒன்றில் முகமூடி. ஆசிரியை வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடிக்கச் சொன்னார். முகமூடிக்கு மட்டும் காகிதம் பறக்க வேண்டும். ரேணுகாவுக்கு நிலாவுக்கும் பறந்தது, மகளுக்கும் பறந்தது. சமையலறையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஊதுவதைப் பார்த்து ஜீவா பொக்கை வாயால் சிரிக்கும்.

வியட்நாம்காரிகளும் உஸ்பெக் பையன்களும் தலையைப் பிய்த்துக்கொண்ட மரியாதைப் பேச்சு மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாக்கியத்தின் வாலில் 'யோ' போட்டால் மரியாதை. "நம்ம 'ங்க'தானுங்க இது!" என்று வீட்டுக்கு வந்து குதித்தாள். அதன்பின் பிள்ளைக்கும் யோ, பூனைக்கும் யோ.

மிசுன் கேட்டார்: "குழந்தைக்குக்கூடவா இவ்வளவு மரியாதை? நீ என்ன ராணியையா வளர்க்கிறாய்?"

"எங்க ஊர்ல குழந்தையையும் வாங்க, போங்கன்னுதான் ஒன்னி கூப்பிடுவோம்" என்று கொரிய மொழியிலேயே பதில் சொன்னாள் ரேணுகா. எழுதி வைத்துப் படிக்காமல் அவள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. மிசுன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

அடுத்த வருஷம் விஜயபாஸ்கரோடு வேலை செய்த ஒருவரின் மனைவி ராஜிக்குப் பிரசவம். திருநெல்வேலிப் பெண், பயத்தில் வெளிறிப்போயிருந்தாள். ரேணுகா கூடவே உள்ளே போனாள். அதே நர்ஸ். "ஹிம் ஜுசேயோ!" என்று குரல் வந்ததுமே ரேணுகா ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முக்குங்க கண்ணு, அவங்க வேற எதுவும் கேக்கல!" என்றாள். வளையல் கதையை நர்ஸ் மறந்திருக்கவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் ராஜிக்கே பாதிப் பயம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழ்ப் பெண் யார் வந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து ரேணுகாவுக்குத்தான் போன் வரும்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய பின்னும் அந்த போன் நிற்கவில்லை. போன மாதம் ஒரு பகல் வேளை. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டின் லயக் குடியிருப்பில் இருந்துகொண்டு கொழுந்து பறிக்கும் மருதாயி, சிலோனிலிருந்து வந்த குடும்பத்துக்காரர், கடையில் பன் கேட்டு நின்றிருந்தார். கல்லாவில் ரேணுகா போனில் கொரிய மொழியில் ஒரு பாட்டம், தமிழில் ஒரு பாட்டம் என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சிங்களம் மாதிரியும் தெரியல்லியே. என்ன பாஷை புள்ள இது?"

ரேணுகா போனைக் கையால் மூடிக்கொண்டாள். "கொரியனுங்க. அங்க ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருக்குது. ஒரு நிமிசம் இருங்க."

மருதாயி பன்னை மறந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோத்தகிரி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

சற்று நேரத்தில் போனுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

"பொறந்துருச்சா?"

"பொறந்தாச்சுங்க. பையன்."

"தாய்?"

"நல்லா இருக்காங்க."

"அப்ப அந்தத் தேங்கா பிஸ்கட்டையும் எடு புள்ள" என்றார் மருதாயி. "லயத்துல போய்ச் சொல்லணுமே."