தூதரகத் தெருவின் வக்கீலம்மா

சிவப்பு விளக்கு எரியும் தொண்ணூறு விநாடிகளில் வக்கீலம்மா தொப்பியைக் கழற்றுகிறார். வியர்வை துடைக்கத்தான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தொப்பிக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் வகுப்பில் எழுதிய குறிப்பு. நாலு வரி படிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். தொப்பி தலைக்கு ஏறிய பிறகும் உதடு கொஞ்ச நேரம் முணுமுணுக்கும்.

அவர் வக்கீல் இல்லை. தூதரகத் தெரு முனையில் பதினோரு வருடமாகப் போக்குவரத்துக் காவலர். நாற்பத்து மூன்று வயதில் மாலை நேரச் சட்ட வகுப்பில் சேர்ந்ததும் நிலையத்தில் கேலியாக வைத்த பெயர் அது. கோபிப்பதில்லை. "கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆக்கிடுவீங்க போல" என்பார்.

போன வருடம் மழை ஓய்ந்த ஒரு காலையில், தூதரகத்து நீல எண் பலகை மாட்டிய கார் சிவப்பைத் தாண்டிப் பாய்ந்து, தெருவைக் கடந்த தையற்காரப் பெண்ணைத் தள்ளிவிட்டது. முறிந்தது வலது கால். இயந்திரம் மிதிக்கிற கால். ஓட்டியவர் தூதரகச் செயலாளர். கண்ணாடியை அரைகுறையாக இறக்கித் தூதரக அடையாள அட்டையை நீட்டினார். அந்த அட்டைக்கு முன் கைதும் இல்லை, வழக்கும் இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தையற்காரி கேட்டார்: "அப்ப என் காலுக்கு யாருமே பொறுப்பில்லையாக்கா?"

அந்த வாரம் வகுப்பில் தூதர்களின் சட்ட விலக்குரிமைக்கு மூன்று காரணங்கள் சொன்னார்கள். மறுநாளே வக்கீலம்மா நிலைய ஆய்வாளரின் மேசை முன் போய் நின்றார்.

"தூதரகம் அவங்க மண்ணுங்கிறாங்க சார். சரி, அந்த மண்ணைச் செருப்புல ஒட்டிக்கிட்டா ரோட்டுக்கு வர்றாங்க? தூதர் அரசனோட நிழலாம். நிழல் எங்கயாவது கார் ஓட்டுமா? மூணாவது காரணம்தான் நியாயம். வேலை தடைபடக் கூடாதுன்னு கொடுத்த குடை அது. மழைக்குப் பிடிக்கலாம், ஆளை அடிக்கலாமா?"

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"குடை அவரோடது இல்ல சார், அவர் நாட்டோடது. நாடு நினைச்சா வாங்கி வெச்சுக்கலாம். கேட்டுப் பார்ப்போமே."

"யானை காதுல எறும்பு பேசுற கதை."

"பேச வேணாம் சார், எழுதுவோம்."

விளக்கு மாறிய விநாடி, சக்கரத் தடத்தின் நீளம், பார்த்த மூவரின் வாக்குமூலம் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். "ஊதுற சங்கை ஊதி வைப்போம்" என்று ஆய்வாளர் கையெழுத்திட்டார். காகிதம் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போயிற்று. ஏழு மாதம் வக்கீலம்மா திங்கட்கிழமை தவறாமல் அங்கே விசாரித்தார். "கிணத்துல போட்ட கல்லு" என்றார்கள். "கிணறு வத்துற வரைக்கும் கேப்பேன்" என்றார் இவர்.

எட்டாம் மாதம் பதில் வந்தது. இந்த ஒரு வழக்கில் செயலாளரின் விலக்குரிமையை அவர் நாடு திரும்பப் பெற்றிருந்தது. ஆய்வாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுந்து நின்று வக்கீலம்மா கையில் கொடுத்தார்.

விசாரணை நாளில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுத் தையற்காரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வக்கீலம்மா. செயலாளர் தனியாக வந்தார். நீட்ட அட்டை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார்.

வக்கீலம்மா ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் விழுந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.