தாணுவுக்கு நான் போட்ட ஒப்பு

சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்கே அந்தத் தந்தி வந்தது. நாலாம் பாரத்தில் தவறிய என் இங்கிலீஷை நம்பாமல் மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். பயிற்சிக்காகப் பறந்த குண்டுவீச்சு விமானம் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த எவரும் பிழைக்கவில்லை. தாணு அதில் ஒயர்லெஸ்காரன். என் அண்ணன் மகன்.

நம் வாசகசாலையில் யுத்தப் பக்கத்தை முதலில் பிடுங்குகிறவன் அவன். போட்டிக்குப் பிடுங்குகிறவன் நான். வாசகசாலைக்கு வருகிற உங்களுக்குத் தெரியாததல்ல. அண்ணன் காலமாகிவிட்டதால், விமானப்படையில் சேர என் கையெழுத்து வேண்டியிருந்தது.

“சித்தப்பா, இதுல ஒரு ஒப்பு போடுங்கோ.”

“அம்மைட்ட கேட்டியாலே?”

“நீங்க போட்டா அவ மறுக்க மாட்டா.”

பெரியவனாக நாலு வார்த்தை கண்டித்திருக்க வேண்டும். நானோ, “விமானத்துக்குள்ள எத்தன பேரு இருக்கலாம்? சன்னல் உண்டுமா?” என்று கேட்டபடியே போட்டுக் கொடுத்தேன்.

அவன் புறப்பட்டது செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம், பால் குடித்துவிட்டுப் போ என்றேன். “எங்க விமானம் ஒரு மணிக்கூறுல நாலு திக்கும் திரும்பும். பாலு, தயிரு, வெல்லம், எண்ணெ எல்லாத்தையும் குடிச்சுட்டு நான் எப்பிடிப் பறக்க?” என்றான். குடித்துவிட்டுத்தான் போனான்.

ஒருநாள் ஊருக்கு மேலே பறந்தாலும் பறப்போம் என்று எழுதினான். தெருவையே மொட்டைமாடியில் ஏற்றினேன். இரைச்சல் கேட்டதும் துண்டை வீசி, “மக்கா! தாணு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது தபால் விமானம். “கடுதாசி மூட்டையெல்லாம் உங்க துண்டைக் கண்டு சந்தோஷப்பட்டிருக்கும்” என்று, நான் எழுதியதற்கு அவனிடமிருந்து பதில் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று, தாணுவின் அம்மையான மதினி முகத்தில் விழிக்கப் பயந்து, அடுக்களையில் ஒளிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டாள்.

“நான் ஒப்பு போட்டிருக்கப்பிடாது மதினி.”

“அந்தக் காயிதத்தைக் கையில வச்சுக்கிட்டு அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே தம்பி, அவங்க அப்பா போன பொறவு இந்த வீட்டுல நான் கேக்காத சிரிப்பு. ஒளிஞ்சது போதும். ஆளுவ உக்காந்திருக்கு, சோறு விளம்புங்கோ.”

விளம்பினேன். இலை எடுத்த பிறகு, அவன் கடைசிக் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். “மேகத்துக்கு மேலே ஏறிவிட்டால் மழையே கிடையாது சித்தப்பா. பளீரென்று வெயில். கீழே நீங்கள் குடை பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.”

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த மூன்று வரி. மதினி, “இன்னொருக்கா வாசிங்க” என்றாள். வாசித்தேன்.