துவர்ப்பு மட்டும்

ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலைக்கு வந்த வெளிநாட்டு வியாபாரி, ஒரே வகை ஆப்பிளில் செய்த சைடர் என்னும் மதுவைக் கொண்டுவந்தார். துளியும் இனிப்பில்லை. ஒரே துவர்ப்பு. நாங்கள் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தோம்.

பதனிடும் பிரிவு மேஸ்திரி மட்டும் கண்ணை மூடி ரசித்துக் குடித்தார். ஒல்லியான மனிதர், விரல்களில் கடுக்காய்க் கறை. தோல் ஊறும் கடுக்காய்த் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, துவர்ப்பு போதுமா என்று பார்ப்பது அவர் வழக்கம்.

"இன்னா மேஸ்திரி, அவ்ளோ புடிச்சிருக்கா?" என்றேன்.

"காய்ச்சல் வந்து போனதிலேர்ந்து உப்பு, காரம் எதுவும் தெரியல சார். துவர்ப்பு மட்டும்தான் வாய்ல புடிக்குது. வீட்டுக்காரி எது சமைச்சாலும் நல்லாருக்குன்னு பொய் சொல்றேன். இது நெஜமாவே நல்லாருக்கு."

கடைசி வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன். வியாபாரி மகிழ்ந்துபோய் மீதிப் பாட்டிலை அவரிடமே கொடுத்தார்.

"இன்னிக்கு வீட்டுக்காரிகிட்ட உண்மையச் சொல்லிடறேன் சார்" என்றார் மேஸ்திரி.

சொன்னாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.