ஒன்பது மீட்டருக்கு மேல் ஓர் அறை

சவரியம்மாள் ஓய்வுபெற்ற மறு வருஷம் மொட்டைமாடிக்குக் குடிபோனாள். குடிபோனாள் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே கூடமும் இரண்டு அறைகளும், அதற்கு மேல் அதே அளவில் இன்னொரு வீடும் காலியாகக் கிடந்தன. அவளோ மாடிப்படி முடியும் இடத்தில் போட்டிருந்த சின்னக் கூரையைக் கொத்தனாரை வைத்து அகலப்படுத்தி, அதில் ஒரு கட்டிலும் மின்விசிறியும் வேளாங்கண்ணி மாதா படமும் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். சமைக்க மட்டும் கீழே இறங்குவாள்.

குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா பெரியநாயகசாமி, ஊர் மிராசுதாரின் நிலத்தில் உழுதார். குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதுதான். அங்கே சுவர் எவ்வளவு எழும்பலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அம்மா இருதயம்மாள் அடிக்கடி தலையில் இடித்துக்கொள்கிறாளே என்று அப்பா ஒரு கோடையில் சுவரின் மேல் இன்னொரு அடுக்கு மண் வைத்தார். மிராசுதாரின் காரியஸ்தர் வரப்பில் நின்றபடியே, “என்ன பெரியநாயகம், மாளிகை கட்றியா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மண் காய்வதற்குள் அப்பா தன் கையாலேயே அதைச் சரித்துவிட்டார்.

பிறகு செங்கொடிச் சங்கம் வந்தது. கூலிநெல்லுக்காக அறுப்பு நின்றது, போலீஸ் வந்தது, ஆட்சி மாறியது. எழுபத்தொன்றில், குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. அப்பா கைக்குப் பட்டா வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. சவரியம்மாள் கன்னியர் மடத்தின் உதவியால் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அப்பாவும் போன பிறகு தம்பி மிக்கேல்ராஜைப் படிக்கவைத்தாள். இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது. தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். முடிந்தபோது யாரும் கேட்டு வரவில்லை.

தம்பி நாக்பூரில் ரயில்வே வேலைக்குப் போய் அங்கேயே பெண் கட்டினான். “கடைசியில ஊருக்குத்தானேக்கா வரணும்” என்பான். அதை நம்பித்தான், அவள் வேலைபார்த்த காவிரிக்கரைக் கோவில் ஊரில் மனை வாங்கியபோது மாடியில் அவனுக்கும் ஒரு வீடு கட்டினாள். ஐப்பசி மழைக்குத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதால் தரையை இடுப்பளவு உயர்த்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவளைச் சுற்றி எந்நேரமும் பேச்சுக்குரல் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குள் குக்கர் விசில் ஒன்றுதான் சத்தம். மொட்டைமாடி அப்படியில்லை. சாயங்காலமானால் நாலு பக்கமும் ஆட்கள் மாடிக்கு வருவார்கள். துணி எடுப்பார்கள், போனில் பேசுவார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள். பக்கத்து வீட்டுத் துரைராசுவின் முற்றம் உள்ளங்கை மாதிரி தெரியும். அவர் மனைவி வள்ளியம்மை மகள்கள் இருவருக்கும் அங்கே உட்கார்ந்துதான் தலை பின்னிவிடுவாள். பேச்சில் பாதி காதில் விழும். சவரியம்மாள் கைப்பிடிச் சுவரில் கையூன்றி நிற்பாள். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்ததை வேப்பிலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இளநீர் கொடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. பழக்கமில்லாதவர்களிடம் மேலேயிருந்து எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள். அந்தப் பெண் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட நாளில்தான் அவளுக்கு நிம்மதியானது.

அந்தப் பங்குனியில் நகராட்சியிலிருந்து லியாகத் அலி என்ற கட்டட ஆய்வாளர் வந்தார்.

“சிஸ்டர், உங்க வீட்டு மேல புகார் வந்திருக்கு. உயரத்தை அளக்கணும்.”

“உயரத்துக்கு என்னங்க சார்?”

“கோபுரம் மறையக் கூடாதுன்னு, கோவிலைச் சுத்தி ஒரு எல்லை வரைக்கும் ஒம்பது மீட்டருக்கு மேல வீடு போகக் கூடாது.”

“எங்கேருந்து அளப்பீங்க?”

“ரோட்டுலேருந்து. நீங்க தரையை ஏத்தினீங்கல்ல, அதுவும் சேரும். அங்கேருந்து கடைசித் தளத்தோட மேல்மட்டம் வரைக்கும். கைப்பிடிச் சுவர், தண்ணித் தொட்டி, மாடிப்படிக் கூரை இதெல்லாம் சேராது.”

அவர் மாடியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார். சவரியம்மாள் தெருவில் நின்று நுனியைப் பிடித்துக்கொண்டாள். மொட்டைமாடித் தளம் வரை ஒன்பதுக்குள்தான் இருந்தது. அவள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தபோது அவர் அறைக்குள் நின்று கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல யார் இருக்காங்க?”

“நான்தான். இது மாடிப்படிக் கூரைதானே சார்?”

“படிக்கு மட்டும் இருந்தா கூரை. ஆள் குடியிருந்தா ரூம். ரூமுன்னா உயரத்துல சேரும், ஒம்பதைத் தாண்டிடுது.”

“நான் ஒருத்திதானே?”

“ஒருத்தர் இருந்தாலும் குடியிருக்கறதுதான் சிஸ்டர்.”

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பா சரித்துவிட்ட மண் அடுக்கு நினைவுக்கு வந்தது. “நாங்க யாருன்னு தெரிஞ்சுதான் புகார் குடுத்தாங்களா?” என்று நேராகவே கேட்டாள்.

லியாகத் அலி டேப்பைச் சுருட்டி முடித்தார். “அது எனக்குத் தெரியலைங்க. ஆபீசுக்கு வந்தப்ப அவங்க உயரத்தைப் பத்தியே பேசலை. வயசுப் பொண்ணுங்க இருக்கு, எப்பப் பாத்தாலும் மேலேருந்து ஒரு அம்மா பாத்துக்கிட்டே நிக்கிறாங்க, முத்தத்துல உக்கார முடியலைன்னாங்க. பாக்குறதுக்கெல்லாம் எங்ககிட்ட சட்டம் இல்லைங்க. உயரத்துக்குத்தான் இருக்கு.”

கோபம் வந்திருந்தால் தேவலை போலிருந்தது. அவளுக்கு வெட்கம்தான் வந்தது. கூப்பிட்டுப் பேசாவிட்டாலும் அவர்கள் தன்னைத் துணையாக நினைத்திருப்பார்கள் என்று எப்படியோ நம்பியிருந்தாள்.

மறு வாரம் கொத்தனார் வந்து பக்கச் சுவர்களை இடித்து, கூரையைப் படியளவுக்குக் குறுக்கினார். கட்டில் கீழே இறங்கியது. சவரியம்மாள் துரைராசு வீட்டு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். வள்ளியம்மை கிரில் கதவுக்கு உள்ளேயே நின்றாள்.

“ரூமை எடுத்தாச்சுங்க. உங்களுக்கு எடைஞ்சலா இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சு.”

“பரவால்லைங்க,” என்றாள் வள்ளியம்மை. இன்னும் ஏதோ சொல்லப்போவது போல் நின்றாள். பிறகு, “பால் அடுப்புல இருக்குங்க,” என்று உள்ளே போனாள்.

கூடத்தில் படுப்பது சவரியம்மாளுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தம்பிக்குப் போன் செய்தாள்.

“மாடியை வாடகைக்கு விடலாமான்னு பாக்குறேன்டா. நீ வர்றப்ப காலி பண்ணச் சொல்லிக்கலாம்.”

அவன் மறுப்பான் என்று நினைத்து, சமாதானமும் யோசித்து வைத்திருந்தாள்.

“நல்லதுக்கா. இத்தனை வருஷம் ஏன் சும்மாப் போட்டிருந்தே? நாங்க இங்கேயே ஒரு ஃபிளாட் வாங்கிட்டோம். சொல்லணும்னுதான் இருந்தேன்.”

அவள் ரிசீவரை மற்றொரு காதுக்கு மாற்றினாள். “எத்தனையாவது மாடி?”

“பதினொண்ணு.”

“காத்து வருமா?”

“நல்லா வரும்க்கா. ஒருதடவை வந்து இருந்துட்டுப் போயேன்.”

“வர்றேன்,” என்றாள்.

வைகாசியில், பூதலூரிலிருந்து மாற்றலாகி வந்த தபால்காரர் இராஜாங்கமும் அவர் மனைவியும் மாடிக்குக் குடிவந்தார்கள். நல்ல மாதிரி. வெளிப்படி வழியாகவே போவார்கள், வருவார்கள். வாசலில் பார்த்தால், “சாப்டீங்களாம்மா?” என்று கேட்பார்கள். “ஆச்சுங்க,” என்பாள் சவரியம்மாள், சாப்பிடாத நாளிலும்.