ஒரே ஜாடியில ரெண்டு குளோரின்

எங்க அக்காவோட வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டு மூணாவது நாள். அன்னிக்குத்தான் அவ குளம் சுத்தம் பண்ணப் போன வீட்டு மகராசி ஒரு பை ஆப்பிளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கூடவே அக்கா வேலை பாக்கற கம்பெனியோட மேனேஜர். அவர் கையில ஒரு காகிதம். எல்லாம் அக்காவோட கவனக்குறைவாலதான் நடந்ததுன்னு டைப் அடிச்சிருந்தது. கீழே அவ கையெழுத்துப் போடணுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்!

யாருக்குங்க கவனக்குறைவு? பதினோரு வருஷமா வீடு வீடாப் போய் நீச்சல் குளம் சுத்தம் பண்றவ அவ. குளத்துல போடற மருந்து விஷயத்துல அவளை மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் பாத்ததே இல்ல. வாளியில முதல்ல தண்ணி, அப்புறம்தான் தூள். தூள் மேல தண்ணிய ஊத்தினா மூஞ்சியில தெறிக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, அதுக்கு முதுகைக் காட்டித்தான் நிப்பா. ஆசிட் ஒரு மூலையில, குளோரின் எதிர் மூலையில. டப்பாவுக்கு ஒரு கரண்டி, அதுவும் நல்லாக் காஞ்ச கரண்டி. "என்னையும் ஒரு நாள் தனி மூலையில வச்சுடுவா போலிருக்கு"ன்னு மாமா கிண்டல் பண்ணுவார். "உங்களை எது கூடவும் சேக்க முடியாதுதான்"னு அவளும் விட மாட்டா.

அந்த வீட்டு மேடம் வேற ரகம். அவங்க வீட்டுல எல்லாம் அழகா இருக்கணும். சமையல்கட்டுல சர்க்கரையிலிருந்து சோடா உப்பு வரைக்கும் ஒரே மாதிரி கண்ணாடி ஜாடியில வரிசையா நிக்கும். மேல பேர் எழுதினா அழகு கெட்டுடுமாம். அதோட நிறுத்தியிருக்கலாம். விபத்து நடந்த அன்னிக்குக் காலையில குளத்து மோட்டார் ரூமையும் அழகு பண்ணக் கிளம்பிட்டாங்க.

அங்க குளோரின் டப்பா ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு உடனே கரையற ரகம், இன்னொண்ணு மெல்லக் கரையற ரகம். பேரு ரெண்டுக்கும் குளோரின்தான், பாக்கவும் ரெண்டும் கல்லுப்பு மாதிரிதான் இருக்கும். ஆனா ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாது. சேந்தா சூடாகும், விஷப் புகை கக்கும், வெடிக்கவும் செய்யும். டப்பா மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. யாரு படிச்சா? இந்தம்மா ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி, கிளறி, ரெண்டு ஜாடியில நிரப்பி, மூடிய இறுக்கி வச்சிருக்காங்க. ஒரு ஜாடிக்குள்ள கழுவி ஈரம்கூடக் காயாத ஒரு கரண்டி வேற. எழுத்து இருந்த டப்பா ரெண்டும் குப்பைக்குப் போயிடுச்சு.

அக்கா பத்து மணிக்குப் போயிருக்கா. டப்பாவைக் காணோம். அலமாரியில ஒரு புது ஜாடி மட்டும் இருந்திருக்கு. இது என்னன்னு மேடம்கிட்ட கேக்கலாம்னு கையில எடுத்திருக்கா. கொதிக்குது! கீழே வைக்கறதுக்குள்ள மூடி பிச்சுக்கிட்டுப் பறந்துடுச்சு. மருந்தைத் தொடும்போது போடற கண்ணாடி அப்பப் பாத்துக் கழுத்துல தொங்கிட்டிருந்துச்சாம். புகையும் தூளும் நேரா மூஞ்சியில. தட்டுத் தடுமாறி வெளியே வந்து, தோட்டத்துக் குழாயைத் திறந்து, இருபது நிமிஷம் கண்ணைக் கழுவியிருக்கா. அப்படிக் கழுவினதாலதான் பார்வை திரும்ப வழி இருக்குன்னு டாக்டர் சொன்னார்.

இப்ப காகிதத்தை நீட்டறாங்க. கையெழுத்துப் போட்டா வேலை போச்சு. மருந்து கையாளத் தெரியாதவள்னு பேரு வந்துட்டா, இந்த ஊர்ல எந்த வீட்டுக் குளத்துக்கிட்டயும் அவளை விடமாட்டாங்க. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

"ஆனைக்கும் அடி சறுக்கும். உன்னை யாரும் குத்தம் சொல்லல"ன்னாங்க மேடம். கையில காகிதம், வாயில குத்தம் சொல்லலையாம்! "ஆனா பதினோரு வருஷ அனுபவம் இருக்கில்ல? நீ ஜாக்கிரதையா எடுத்திருக்கணும்."

எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அக்கா என் கையை அழுத்தினா. "மேடம், ஒண்ணு கேக்கறேன். ரெண்டு டப்பாவும் பாதிக்கு மேல இருந்துச்சு. அம்புட்டும் ஒரு ஜாடியில கொள்ளாது. மீதி எங்க?"

"அதுவா? இன்னொரு ஜாடியில இருக்கு. மோட்டார் ரூம் வேண்டாம்னு அன்னிக்குக் காலையிலேயே பத்திரமா மாடிக்குக் கொண்டு போயிட்டேன். பசங்க குளியலறை அலமாரியில இருக்கு."

அக்கா படுக்கையை விட்டு எழுந்தே உக்காந்துட்டா. "குளிக்கற ரூம்லயா? அங்க எந்நேரமும் ஈரமாச்சே! அதுவும் வெடிக்கும் மேடம். போன் பண்ணுங்க, இப்பவே!"

அந்தம்மா முகத்துல ரத்தமே இல்ல. போனை எடுத்தாங்க. வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு கத்தல். "ஏங்க! பசங்க எங்க? மாடி குளியலறைக்கு யாரும் போகாதீங்க! அங்க ஒரு ஜாடி இருக்கு. நான் ரெண்டு குளோரினையும் கலந்து வச்சுட்டேங்க... ஆமாங்க, நான்தான், நான்தான் கலந்தேன்!"

அந்த வார்த்தையை நர்ஸ் கேட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரம்மா கேட்டாங்க. மேனேஜரும்தான் கேட்டார்.

அக்கா போனை வாங்கினா. "சார், ஜாடியைத் தொடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டு வெளியே வந்துடுங்க. தீயணைப்புக்குச் சொல்லி, குளோரின் ரெண்டு ரகம் கலந்திருக்குன்னு தெளிவாச் சொல்லுங்க." நானா இருந்தா அந்த வீட்டு ஆள்கிட்ட இவ்வளவு பொறுமையாப் பேசியிருக்க மாட்டேன். அரை மணி நேரம் கழிச்சுப் போன் வந்துச்சு. பசங்க தெருவுல பத்திரமா நிக்கறாங்களாம், ஜாடியைத் தீயணைப்புக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். மேடம் நாற்காலியில உக்காந்து அழுதாங்க.

அதோட முடிஞ்சுதுன்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார். பேனா மூடியைக் கழட்டினார். "சரிம்மா, நல்லபடியா முடிஞ்சுது. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு, நாங்க கிளம்பறோம்."

நான் மேடத்தைப் பாத்தேன். அவங்க ஜன்னலைப் பாத்தாங்க.

அக்கா காகிதத்தை வாங்கி, மடியில வச்சு, ஒத்தைக் கண்ணால ஒவ்வொரு வரியா நிதானமாப் படிச்சா. அப்புறம் நாலா மடிச்சு அவர் சட்டைப் பையில அவளே சொருகினா.

"சார், எனக்குப் போனது ஒரு கண்ணு. காது ரெண்டும் நல்லாத்தான் கேக்குது."