கார்குழலி மாற்றிச் சொன்ன பதில்

கார்குழலி கை ஓங்கினால் வைத்திக்குப்பத்தில் பெரிய மீசைகளெல்லாம் ஒதுங்கி வழிவிடும். போன வருஷம் கடற்கரையில், குடிவெறியில் மீன் விற்கிற பெண் ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்த காத்தவராயனை, ஐஸ் பெட்டி மூடியாலேயே சாத்தி முன்பல்லைக் கழற்றியவள் அவள். போலீஸ் வந்தபோது ஊரே ஒரே வாயாக, "அவரு தானா விழுந்துட்டாரு சார்" என்றது. ரத்த வாயைப் பொத்திக்கொண்டு காத்தவராயனும் தலையாட்டினான். வேறென்ன செய்வான், பாவம்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் போதைப் பழக்கம் பற்றிய ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சமூகப்பணியில் பட்டமேற்படிப்பு முடித்தவர்களுக்கான பயிற்சி. மீன் விற்றுக்கொண்டே படித்த கார்குழலி அதை முப்பது வயதில்தான் முடித்திருந்தாள். "எதுக்கு இதுல சேரணும்னு நினைக்கிறீங்க?" என்று தேர்வில் கேட்டார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் உருப்போட்டு வந்ததை ஒப்பித்தார்கள்.

"என் தம்பி முகிலன் குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கிறான் மேடம். சுவேதா சாவறதுக்குள்ள அவன நிறுத்தணும். எப்படின்னு தெரியல" என்றாள் கார்குழலி.

அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்த, பயிற்சியை நடத்துகிற அமிர்தவல்லி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குரலை உயர்த்தக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, முகத்தில் அருவருப்பைக் காட்டக் கூடாது. குடிப்பவர்களிடம் கேள்வி கேட்க முதலில் கற்றுக்கொடுத்தது இவற்றைத்தான். மூன்றுமே கார்குழலிக்குப் பெரும்பாடாக இருந்தன. இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. நோயாளிகளிடம் போவதற்கு முன்னால், பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் பதில் சொல்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"யாரையாவது அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருக்கேன் மேடம். குடிகாரனுங்கள மட்டும்."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

பிறகு வார்டு. கை நடுங்குகிறவர்கள், கத்திக்குத்துக் காயத்தோடு வந்தவர்கள், ராத்திரி செய்தது காலையில் நினைவில்லாதவர்கள். சின்ன வயதில் யார் அடித்தது என்று கேட்டால் பாதிக்கு மேல் ஒரே பதில்: "எங்கப்பா. குடிச்சிட்டு." கேட்கக் கேட்க அவளுக்கு ரத்தம் கொதித்தது. சாராயம் உள்ளே போகிறது, கை வெளியே வருகிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து சுவேதாவின் அலறல் கேட்டது. அம்மா கன்னியம்மாள் மீன் விற்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கதவுக்குக் குறுக்கே போடுகிற உடைந்த துடுப்பை உருவிக்கொண்டு கார்குழலி ஓடினாள்.

முகிலன் சுவேதாவின் முடியைக் கையில் சுற்றி, அவள் தலையை பீரோவில் மோதிக்கொண்டிருந்தான். கம்மல் பிய்ந்து காது கிழிந்து தொங்கியது. கழுத்தெல்லாம் ரத்தம். கார்குழலியின் துடுப்பு அவன் தோளில் இறங்கியது, பிறகு முழங்காலில். விழுந்தவனை எழவிடாமல் விலாவில் இன்னொன்று வைத்தாள். விழுந்த வேகத்தில் உதடு பிளந்து கிடந்தவன் மார்பில் துடுப்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் பயிற்சி ஞாபகம் வந்தது. குரலை இறக்கினாள்.

"சின்ன வயசுல உன்ன யாருடா அடிச்சது?"

அது கேள்வியே இல்லை, பொறி. இவர்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது முகிலன் கைக்குழந்தை. அடிக்கிற அப்பன்கூட உனக்கு இல்லையே, அப்புறம் என்ன கேடு என்று கேட்கத்தான் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

முகிலன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "நீதான்க்கா. இதே கட்டயாலதான்."

"நீ கெட்டுப் போவக் கூடாதுன்னுதான்டா அடிச்சேன். குடிக்கிறவன் பக்கத்துல போயி உக்காந்த, அதுக்குத்தான்."

"நானும் இவகிட்ட அதத்தான் சொல்றேன். உன் நல்லதுக்குத்தான் அடிக்கிறேன்னு." எழ முயன்று மறுபடி விழுந்தான். "நீ ஒரு சொட்டுகூட குடிச்சதில்லியேக்கா."

கார்குழலி கையிலிருந்த துடுப்பைக் குனிந்து பார்த்தாள். அவன் ஒன்றாவது படித்தபோது அவள் எட்டாவது. அவன் முதுகில் இந்தத் துடுப்பின் தடம் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதைக் கணக்கில் சேர்த்ததில்லை, அவ்வளவுதான்.

"அதுக்கு இவ இன்னாடா பண்ணுவா?" என்றாள் கடைசியில். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுவேதா அதற்குள் எழுந்து, காதைத் துண்டால் அழுத்திக்கொண்டு, கிடைத்த துணிகளை ஒரு பையில் திணித்திருந்தாள். பையை வாங்கிக்கொள்ள கார்குழலி கையைக் கொண்டுபோனாள். சுவேதா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குறுகினாள்.

"வேணாம் அண்ணி! அடிக்காதீங்க!"

அந்த வீட்டில் ஒருத்தனைப் பார்த்துத்தான் அவள் பயப்படுகிறாள் என்று இத்தனை நாளும் கார்குழலி நினைத்திருந்தாள். துடுப்பைக் கீழே போட்டாள்.

காதில் தையல் போட்டு சுவேதாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியபின் போலீஸ் வந்தது. ஊர் பழைய பாட்டையே பாடியது: "ரெண்டு பேரும் தானா விழுந்துட்டாங்க சார்." கார்குழலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"விழல சார். இவன் அவள அடிச்சான். இவன நான் அடிச்சேன்."

ஸ்டேஷனில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், மறுநாள் காலை வகுப்பில் யாரும் கூப்பிடாமலே பதில் சொல்பவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு பதில மாத்தணும் மேடம். மொதல்லேருந்து கேளுங்க."